சிலம்பம் பழகுற பிள்ளைக்கு நான் வாங்கிக் குடுத்த கம்பு: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணன் மகன், எனக்கு மருமவன், 12 வயசு, மூணு வருசமா சிலம்பம் பழகுறான். போன பிறந்தநாளுக்கு அவனுக்குன்னு பாத்துப் பாத்து ஒண்ணு வாங்கணும்னு ஆசைப்பட்டு ஆன்லைன்ல தேடி, ரெண்டு பக்கமும் பித்தளைப் பூண் போட்டு வார்னிஷ் அடிச்சு பளபளன்னு இருந்த ஒரு கம்பை 1,800 ரூவா குடுத்து வாங்கிட்டேன். பிள்ளைக்கு அவ்ளோ சந்தோசம், அன்னைக்கு சாயங்காலமே தூக்கிக்கிட்டு ஓடினான். ஒரு மணி நேரத்துல திரும்பி வந்து ஒண்ணும் பேசாம அதை மூலையில சாத்தி வச்சிட்டான், என்னலேன்னு கேட்டா 'நல்லாத்தான் இருக்கு அத்த'ன்னு மட்டும் சொல்றான். எனக்கு மனசு கேக்கல, மறுநாள் நானே அவன் கூட போனேன்.

ஆசான் கோவமெல்லாம் படல. கம்பை வாங்கி அவன் பக்கத்துல நிப்பாட்டிக் காமிச்சாரு, தலைக்கு மேல ஒரு சாணுக்கு நிக்குது. "தாயி, இது அஞ்சரை அடி இருக்கு, பெரியாளுக கம்பு, இவனுக்கு நெத்தி மட்டத்துக்கு வந்தா போதும்"னாரு. அப்புறம் என் கையிலயே குடுத்து புடிச்சுப் பாக்கச் சொன்னாரு, அந்த வெயில்ல வேர்வை பட்டதும் வார்னிஷ்ல கை வழுக்குது. நுனியில பித்தளை இருக்கறதால சுத்தும்போது கனம் வெளிய இழுக்கும், கை தவறிப் போயி பக்கத்துல நிக்கிற பிள்ளை மேல பட்டா மண்டை பொளந்துரும், பத்து இருவது பிள்ளைக நிக்கிற எடத்துல இதை விட முடியாதும்மான்னு பொறுமையா சொன்னாரு. மேடையில அலங்காரத்துக்கு வச்சுக்கலாமாம்.

பிறகு அவன் தினமும் புடிக்கிற கம்பை எடுத்துக் காமிச்சாரு. அதைப் பாத்ததும்தான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பிரம்பு ரெண்டு நுனியிலயும் நார் நாரா பிரிஞ்சு, மேல கருப்பு வயர் டேப்பை சுத்தி சுத்தி ஒட்டிருக்கான். மூணு வருசமா வாரத்துக்கு நாலு நாள் பிள்ளை இதைத்தான் புடிச்சிருக்கான், நான் ஒரு தடவ கூட அதை கையில வாங்கிப் பாத்ததில்ல. கம்போட கம்பு மோதிப் பழகுற பிள்ளைகளுக்கு நுனிதான் மொதல்ல போகும், இதுக்குத்தான் மாத்துக் கம்பு வேணும்னாரு.

அவர் சொன்னபடி பிரம்பு சாமான் செய்யுற கடைக்கே போயி அவன் உயரத்துக்கு ரெண்டு கம்பு வெட்டி வாங்கினேன். வளைவு இருக்கான்னு தரையில உருட்டிப் பாத்து எடுக்கணும்னு சொல்லிருந்தாரு, லேசா இருந்த வளைவை கடைக்காரரே தீயில வாட்டி நிமித்திக் குடுத்துட்டாரு. ரெண்டும் சேத்து அந்த பித்தளைக் கம்பு வெலையில பாதி கூட வரல. கூடவே தோள்ல மாட்ற மாதிரி நீளமா ஒரு துணிப் பை எங்க தெரு டைலர்கிட்ட தச்சேன், ஏன்னா டவுன் பஸ்ல கம்பை வெறுங்கையில கொண்டு போனா கண்டக்டரும் திட்டுறாரு ஏறுறவங்க எறங்குறவங்க மேலயும் படுது. உண்மையச் சொல்றேன், கம்பை விட அந்தப் பைக்குத்தான் பிள்ளை அதிகமா சந்தோசப்பட்டான்.

2024 ஜனவரில நம்ம தமிழ்நாட்டுல கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி நடந்தப்ப சிலம்பத்தையும் காட்சி விளையாட்டா சேத்தாங்கல்ல, அதுக்கப்புறம் எங்க பக்கம் பழக வர்ற பிள்ளைக நெறைய. என்னைய மாதிரி ஆசையா வாங்கிக் குடுக்கிற அத்தை மாமாக்களும் நெறைய இருப்பீங்க. உங்களுக்கு எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க, கராத்தே பாக்ஸிங் எதுவானாலும் சரி.

*

அக்கா, நான் பரிசு வாங்குற பக்கத்துல இருந்து சொல்றேன். கராத்தே, ஒம்போது வருஷம். எனக்கு வந்ததுல பாதி ஷோகேஸ்ல இருக்கு, குத்து விடற பொம்மை, கீ செயின், டிராகன் போட்ட டீ ஷர்ட்னு. குடுத்தவங்க அன்பு எனக்குப் புரியுது, அதை ஒரு நாளும் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் ரொம்ப சங்கடமாப் போச்சு. பிளாக் பெல்ட் கிரேடிங்குக்கு, அதான் பெல்ட் வாங்குற பரீட்சைக்கு, ரெண்டு மாசம் முன்னாடியே எங்க சித்தப்பா என் பேர் எம்ப்ராய்டரி பண்ண கருப்பு பெல்ட் கொண்டு வந்து எல்லார் முன்னாடியும் இடுப்புல கட்டிவிட்டாரு. அது சென்சே, அதாவது கராத்தே மாஸ்டர், கையால வாங்க வேண்டியது, கடையில வாங்கிக் கட்டிக்கிற சாமான் இல்ல. அந்த கிரேடிங்ல நான் பாஸ் ஆகல, அடுத்த தடவதான் ஆனேன், அதுவரைக்கும் அந்த பெல்ட் பீரோல இருந்து என்னையே பாத்துட்டு இருந்த மாதிரி இருக்கும். தயவு செஞ்சு பெல்ட் மட்டும் யாரும் பரிசா குடுக்காதீங்க, எந்த கலர்னாலும்.

டிரெஸ் வாங்கறதா இருந்தா சைஸ் உயரத்தை வச்சு, சென்டிமீட்டர்ல. நான் 158, 160 சைஸ் கரெக்டா இருக்கும்னு என் தோழி வாங்கினா, காட்டன் துணி, மொத ரெண்டு தோவையிலயே சுருங்கி கை முட்டி கிட்ட ஏறிருச்சு. அடுத்த சைஸா எடுக்கணும். அதுலயும் கட்டா (தனியா செஞ்சு காட்ற அசைவு வரிசை) பண்றவங்களுக்கு கனமான மொடமொடன்னு சத்தம் வர்ற துணி, குமித்தே (எதிராளியோட சண்டை) பண்றவங்களுக்கு லேசான துணி, எது பண்றாங்கன்னு கேக்காம வாங்கினா காசு வேஸ்ட். எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது எங்க அண்ணன் வாங்கினதுதான். போட்டில ஒரு ரவுண்டு சிவப்பு, இன்னொரு ரவுண்டு நீலம்னு மாத்தி மாத்தி வரும், கையுறை, கீழ்க்கால்ல கட்டுற ஷின் கார்டு எல்லாம் அந்த கலர்லயே இருக்கணும். என்கிட்ட சிவப்பு மட்டும்தான் இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும் யார்கிட்டயாவது நீலத்தை கடன் கேட்டு, அடுத்தவங்க வேர்வையோட போட்டுட்டுப் போவேன். அவன் இதை ஒரு போட்டியில ஓரமா உக்காந்து கவனிச்சிருக்கான், ஒண்ணும் சொல்லல, பொங்கலுக்கு நீல செட் முழுசா வாங்கிட்டு வந்து வச்சான். நான் அழுதுட்டேன்.

*

எங்க வீட்டுக்காரர் வேலை முடிச்சு வந்து பாக்ஸிங் பண்றாரு, நாங்க சென்னை. கல்யாண நாளுக்கு பெரியமேட்டுல போயி நானே கிளவுஸ் எடுத்தேன், சின்னதா அழகா இருந்துச்சுன்னு 8 அவுன்ஸ். அதைப் போட்டுட்டு ஸ்பாரிங், அதான் ஆளோட ஆள் மோதிப் பழகுறது, பண்ண கோச் விடல. எதிர்ல நிக்கிறவங்களுக்கு அடி பலமா விழக்கூடாதுன்னு பஞ்சு நெறைய இருக்கிற 16 அவுன்ஸ்தான் போடணுமாம், அப்பதான் எனக்குத் தெரியும் கிளவுஸ் நம்பர் கை சைஸ் இல்ல எடைன்னு. கடையில மாத்திக் குடுக்கல.

இப்ப நான் வாங்கறது கிளவுஸுக்குள்ள கையில சுத்துற துணிப்பட்டை, ஹேண்ட் ராப், 180 இன்ச், ஒரே தடவ நாலு ஜோடி. ஒரு ஜோடிதான் இருந்தா ஈரத்தோட பையில கெடந்து மறுநாளும் அதையே சுத்திட்டுப் போவாரு, விரல் இடுக்குல சேத்துப்புண்ணு மாதிரி வந்து ரொம்ப கஷ்டப்பட்டாரு. அப்புறம் ஜிப் வச்ச வலைப் பை ஒண்ணு, அதுல போட்டு வாஷிங் மெஷின்ல போட்டா ராப் சிக்கு விழாது. நூறு எரநூறு ரூவா சமாசாரம், ஆனா தினமும் கையில படறது.

*

என் பொண்ணு டேக்வாண்டோ. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், யாராவது வயசுப் பிள்ளைகளுக்கு பல்லுக்குப் பாதுகாப்பா வாயில போடுற மவுத் கார்டு வாங்கறதா இருந்தா பல்லுல கிளிப் போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க. வெந்நீர்ல முக்கி கடிச்சு அச்சு எடுக்கிற டைப் வாங்கிக் குடுத்தேன், கிளிப்போட அச்சு எடுத்தா பல்லு நகர நகர அது சேராதுன்னு டென்டிஸ்ட் சொல்லிட்டாங்க, கிளிப்புக்குன்னே தனியா வர்றதைத்தான் வாங்கினோம். பிள்ளை பல்லு விஷயம், அவசரப்படாதீங்க.

*

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கராத்தே தங்கச்சி, உங்க அண்ணனைப் பத்திப் படிச்சிட்டு எங்க அண்ணனுக்கும் வாசிச்சுக் காமிச்சேன். பித்தளைக் கம்பை ஆசானே வாங்கி வச்சுக்கிட்டாரு, கோயில் கொடைக்கு பெரிய பசங்க எறங்கும்போது எடுத்துக்கிடட்டும்னு. விசயதசமி வருது, ஆசானுக்கு வேட்டி துண்டு, வெத்தல பாக்கு பழத்தோட வச்சுக் குடுக்கணும், கூட அவருக்கும் ஒரு கம்புப் பை தைக்கலாம்னு மருமவன் சொல்றான். நாளைக்கு அவர் கம்போட நீளத்தை அவருக்குத் தெரியாம நூல் வச்சு அளந்துட்டு வர்றேன்னு சொல்லிருக்கான், டைலர் அக்காகிட்ட சொல்லி வச்சாச்சு.