மகள் வீட்டில் படித்தாள், மகன் பள்ளியில் படிக்கிறான்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

செங்காங் அம்மா:

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் என் தங்கை மகனுக்கு அடுத்த ஆண்டு தொடக்கநிலை 1, அதாவது ஒன்றாம் வகுப்பு. வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா, பக்கத்துப் பள்ளியில் சேர்க்கலாமா என்று ஒரு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. மகள் 2018 முதல் 2023 வரை தொடக்கநிலை முழுவதையும் வீட்டில்தான் படித்தாள். மகன் 2021-இல் பள்ளியில் சேர்ந்தான், இப்போது தொடக்கநிலை 5. தங்கையிடம் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதினால் அவளுக்கு உதவியாக இருக்கும்.

முதலில் சட்டம், ஏனென்றால் ஊரிலிருந்து வந்த பலருக்கு இது தெரியவில்லை. 2003 முதல் இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூரில் வசிக்கும், இந்நாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் தொடக்கப்பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். வீட்டில் படிக்கவைப்பதென்றால் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். பெற்றோர் என்ன படித்திருக்கிறார்கள், எந்தப் பாடத்தை எப்படிச் சொல்லித்தரப் போகிறார்கள், வார அட்டவணை என்ன என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தொடக்கநிலை 4-இல் ஒரு தேர்வு உண்டு, 6-இல் எல்லாரையும் போல பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அந்த பிஎஸ்எல்இயைச் சும்மா எழுதினால் போதாது. அந்த ஆண்டு நான்கு பாடமும் எழுதிய பள்ளிப் பிள்ளைகள் நூறு பேரை மதிப்பெண்படி நிற்க வைத்தால், கீழிருந்து 33 பேருக்கு மேலே உங்கள் பிள்ளை நிற்க வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கோடு கிடையாது. அந்த ஆறு வருடமும் இந்தக் கோடு என் தலைக்குள்ளேயே இருந்தது.

வீட்டுப் படிப்பு எங்களுக்குக் கொடுத்த பெரிய சொத்து நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்து சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போனோம். செப்டம்பர் மாதம், வடக்கேயிருந்து பறவைகள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. பறவை பார்க்கும் மரக்குடிலில் நானும் அவளும் மட்டும். தண்ணீர் வடிந்த சேற்றில் ஓர் உடும்பு செத்த மீனைக் கவ்விக்கொண்டு போனது. அதன் பக்கத்தில் சேற்றில் துள்ளும் சின்ன மீன் ஒன்று, துடுப்பை ஊன்றி ஊன்றி, வேருக்கு மேலே ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது. திரும்ப ஏறியது, திரும்ப விழுந்தது. ஒன்றரை மணி நேரம் மகள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நோட்டில் அந்தத் துடுப்பை மட்டும் நாலு தடவை அழித்து அழித்து வரைந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. "நேரமாச்சு, வா" என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மகனுக்கு இப்படி ஒரு காலையை என்னால் கொடுக்க முடியவில்லை. சனிக்கிழமை போனால் குடில் நிறைய ஆட்கள், போதாததற்கு அவனுக்குத் திங்கட்கிழமை எழுத்துக்கூட்டல் தேர்வு வேறு.

சரி, கஷ்டம் எங்கே என்றால், கணக்கில்தான். நான் மதுரைப் பக்கம் படித்தவள், கணக்கில் எம்.எஸ்சி. தொடக்கப்பள்ளிக் கணக்கெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன். தொடக்கநிலை 4 கணக்கு ஒன்று: ரவியிடம் மீனாவைப் போல மூன்று மடங்கு ஒட்டுவில்லைகள், அவன் அவளுக்கு 12 கொடுத்ததும் இருவரிடமும் சமம், மொத்தம் எத்தனை? நான் எக்ஸ் என்று வைத்து இரண்டு வரியில் போட்டுவிட்டேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பிள்ளைகளுக்குக் கட்டம் போட்டுத்தான் சொல்லித்தருவார்கள், மாடல் வரைவது என்பார்கள். மேலே மூன்று கட்டம், கீழே ஒரு கட்டம். மேலிருந்து ஒன்றைக் கீழே இறக்கு, இரண்டுக்கு இரண்டு. அப்போ ஒரு கட்டம் 12, மொத்தம் 48. இதை நான் முதலில் கற்றுக்கொண்டு, அப்புறம் அவளுக்குச் சொல்லித்தர எனக்கு நான்கு மாதம் பிடித்தது. ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் சமையலறை மேசையில் உட்கார்ந்து கட்டம் போட்டுப் பழகினேன். பள்ளியில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறார். நமக்கு விஷயம் தெரியும் என்பதும் அந்த வயதுப் பிள்ளைக்கு அதை எந்த வழியில் சொல்ல வேண்டும் என்று தெரியும் என்பதும் ஒன்றே இல்லை.

அறிவியலும் அப்படித்தான். குளிர்ந்த கண்ணாடிக் குவளைக்கு வெளியே ஏன் தண்ணீர்த் துளி வருகிறது என்றால் மகளுக்கு நன்றாகத் தெரியும், காற்றில் இருக்கும் நீர்தான் வந்து ஒட்டுகிறது என்பாள். ஆனால் தாளில் நீராவி, குளிர்ந்த பரப்பு, வெப்பத்தை இழத்தல், நீராக மாறுதல் என்று ஒவ்வொரு படியையும் எழுதினால்தான் முழு மதிப்பெண். கடைசி ஒரு வருடம் பழைய தேர்வுத்தாள்களோடுதான் போயிற்று. சுங்கை பூலோ நின்றுபோனது.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு ஒன்று. ஒரு நாள் பின்னத்தில் திரும்பத் திரும்ப ஒரே தப்பைச் செய்தாள், நான் கோபமாகக் கத்திவிட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் இருவரும் பேசாமலே சாப்பிட்டோம். அப்போதுதான் உறைத்தது: பள்ளியில் ஆசிரியர் திட்டினால் பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழும். என் மகள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

மகன் பள்ளிக்குப் போனது அவனே கேட்டதால்தான். காலை ஆறே முக்காலுக்கு எங்கள் மாடியில் லிஃப்டுக்குச் சீருடையோடு நிற்கும் பிள்ளைகளைக் கம்பிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பான். அங்கே அவனுக்குக் கிடைத்தவற்றில் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது தமிழ் வகுப்பு. தாய்மொழிப் பாடவேளை வந்தால் வகுப்பு பிரிந்துவிடும். சீனப் பிள்ளைகள் அதிகம் என்பதால் அவர்கள் அங்கேயே இருப்பார்கள், தமிழ்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு நடப்பார்கள். நாலைந்து வகுப்பிலிருந்து வந்து சேரும் 11 பேர். அவனுடைய நெருங்கிய நண்பர்கள் எல்லாரும் அந்த அறையில் கிடைத்தவர்கள். விளையாட்டுத் திடலில் அவர்கள் தமிழில் சண்டை போடுவதை நான் என் காதால் கேட்டேன். மகள் தமிழ் முரசு நாளிதழ் வாசிப்பாள், என்னோடு நல்ல தமிழில் பேசுவாள். ஆனால் தன் வயதுப் பிள்ளையோடு தமிழில் சண்டை போட்டதே இல்லை.

காசு விஷயம்: குடிமக்களுக்குத் தொடக்கப்பள்ளியில் பள்ளிக்கட்டணம் இல்லை, இதரக் கட்டணம் மாதம் அதிகபட்சம் 13 வெள்ளி. வீட்டில் படிக்கவைத்தால் ஒருவர் சம்பளமே போய்விடும். எங்களுக்குப் போனது.

மகள் 2024-இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். பிஎஸ்எல்இ மதிப்பெண்படி பிள்ளைகளைப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவுகள் உயர்நிலை 1-இல் இல்லாமல் போன முதல் ஆண்டு அது. நன்றாகவே இருக்கிறாள். தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: நீ முழுநேரமும் அவனோடு இருக்கப்போகிறாய் என்றால், அவன் உன்னைப் பற்றிக் குறை சொல்ல இன்னொரு பெரியவரை முதலில் தேடி வை. அது முடியாதென்றால் பள்ளியில் சேர்த்துவிடு.

ஜூரோங் வெஸ்ட் அப்பா:

அக்கா, உங்கள் பதிவை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் பையன் தொடக்கநிலை 3 வரை வீட்டில் படித்தான், 4-இல் பள்ளிக்கு மாற்றினோம். இரண்டாவது குழந்தை பிறந்தது, எனக்கு ஷிப்ட் வேலை, மனைவியால் இரண்டையும் இழுக்க முடியவில்லை. தோற்றுவிட்டோம் என்று அன்றைக்கு இருவரும் அழுதோம், மறைக்க ஒன்றுமில்லை.

பள்ளியில் சேர்ந்த சில வாரத்தில் கண் பரிசோதனை நடந்தது. இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, ஒன்றில் 250, அதாவது மைனஸ் 2.5. நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. வீட்டில் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில், வெள்ளைப் பலகை இல்லை, பின்வரிசை இல்லை, எப்படித் தெரியும்? கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் எதிர் புளோக்கின் எண்ணை வாசித்துக் காட்டினான். மனைவி அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் மூன்று வருடம் வீட்டில் இருந்ததால்தான் அவனுக்குப் புத்தகம் என்றால் உயிர். வகுப்பில் 38 பேர், ஆசிரியரால் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு நேரம் பேச முடியும்? அந்த மூன்று வருடத்தை நான் ஒருபோதும் வீண் என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று, 2020 ஏப்ரலில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருந்தபோது "இப்ப எல்லாருமே உங்களை மாதிரிதான்" என்று நண்பர்கள் சொன்னார்கள். இல்லவே இல்லை. அது பள்ளி அனுப்பும் பாடம், பள்ளி போட்ட அட்டவணை, நாம் காவல் மட்டும்தான். வீட்டுக்கல்வியில் காலை எழுந்ததும் இன்றைக்கு என்ன என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஈசூன் தம்பி:

நான் பிள்ளையாக இருந்து அனுபவித்தவன், அதனால் எழுதுகிறேன். தொடக்கநிலை, உயர்நிலை இரண்டும் வீட்டில். உயர்நிலை முடிவில் வரும் ஓ நிலைத் தேர்வைப் பள்ளி வழியாக இல்லாமல் தனியார் தேர்வராக எழுதினேன். அம்மா அப்பா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் அவர்கள் கொடுத்தது, பல்கலைக்கழகத்தில் அதுதான் காப்பாற்றியது. வேதியியல் செய்முறைக்கு மட்டும் ஆய்வுக்கூடம் இல்லாமல் அலைந்தோம், தனியார் நிலையம் ஒன்றில் காசு கட்டிப் பழகினேன். திரவத்தை அளந்து விடும் பியூரெட் குழாயை முதன்முதலாகக் கையில் பிடித்தபோது எனக்கு வயது 16.

கஷ்டம் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில் தெரிந்தது. பயிற்சி முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவில் முதல் ராத்திரி, பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் கேட்ட முதல் கேள்வி, "நீ எந்தப் பள்ளி?" சிங்கப்பூரில் இரண்டு பேர் சந்தித்தால் இதுதான் முதல் கேள்வி. வீட்டில் படித்தேன் என்றால் அடுத்து என்ன கேட்பதென்று அவர்களுக்குத் தெரியாது, பேச்சு அங்கேயே நின்றுவிடும். கூச்சம் எல்லாம் எனக்கு இல்லை, பெரியவர்களோடு எவ்வளவு நேரமும் பேசுவேன். ஆனால் காலைக் கொடியேற்றம், உணவகத்தில் வரிசை, தண்டனைக்கு நின்றது என்று எல்லாரும் பேசும்போது சேர்ந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அது சரியாவதற்கு ஆறேழு வாரம் ஆனது. வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோர் தயவுசெய்து பிள்ளையை வாரம் ஒரு முறையாவது ஒரே குழுவோடு, ஒரே இடத்தில், வருடக்கணக்கில் விடுங்கள். காற்பந்தோ சிலம்பமோ, எதுவானாலும் சரி. மாதம் ஒரு புது வகுப்பு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் நட்பு வராது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

செங்காங் அம்மா தமிழ் வகுப்பைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நான் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தேன்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று வந்தது. அதனால் நாள் முழுக்க அம்மாவோடு தமிழில் பேசும் பிள்ளைக்குக் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை, எந்தப் பள்ளியாலும் அதைக் கொடுக்க முடியாது. என் அனுபவத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் தடுமாறுவது வாய்மொழித் தேர்வில். காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத ஆசிரியரோடு உரையாட வேண்டும். அம்மா என்றால் பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொள்வார், அதனால் பிள்ளை முழு வாக்கியத்தை முடித்துப் பழகியிருக்காது. தினமும் பத்து நிமிடம், ஊரில் இருக்கும் பாட்டியோடோ பக்கத்து வீட்டு அண்ணனோடோ, பார்த்ததைச் சொல்லவிடுங்கள், நீங்கள் நடுவில் பேசாதீர்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்குக் கூட்டிப் போங்கள், மற்ற பிள்ளைகள் பேசுவதைக் கேட்கட்டும்.

பள்ளியில் சேர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாப் பள்ளியிலும் தமிழ் இல்லை. சேர்க்கும் முன்னால் தமிழ் அங்கேயே நடக்கிறதா, வேறு இடத்துக்குப் போக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். மத்தியானம் களைத்துப்போன பிள்ளையை இன்னோர் இடத்துக்கு அனுப்பினால், தமிழ் மேல்தான் அதற்கு வெறுப்பு வரும்.

செங்காங் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. மகள் பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வு முடித்து வெளியே வந்து, "அம்மா, அவங்க தலையாட்டவே இல்ல, எனக்கு எப்ப நிறுத்தறதுன்னு தெரியல" என்றாள். ஈசூன் தம்பி, நீங்கள் எழுதியதை மகளிடம் காட்டினேன். உயர்நிலை 1-இல் முதல் வாரம் தன்னையும் எல்லாரும் அதே கேள்விதான் கேட்டார்கள் என்று இப்போதுதான் சொல்கிறாள், இரண்டு வருடம் கழித்து.

தங்கையும் படித்துவிட்டாள். பள்ளிப் பக்கம்தான் சாய்கிறாள். இருவருக்கும் வேலை, பையன் மத்தியானம் ஒன்றரைக்கு வந்துவிடுவான், அதுதான் இப்போது கவலை. அவள் வீடு உட்லண்ட்ஸில். அந்தப் பக்கம் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளையை விடுபவர்கள் யாராவது இருந்தால், எப்போது பதிய வேண்டும், அங்கே தமிழ் பேசும் ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று சொல்லுங்கள்.