டிசம்பர் 26 அன்று ஊரில் பேசச் சொல்கிறார்கள், நான் எதைப் பேசுவது?

கடலோடி_கொட்டில்பாடு:

கடற்படையில் 15 வருடம் இருந்துவிட்டு வந்தவன். சொந்த ஊர் குளச்சல் பக்கம் கொட்டில்பாடு. வருகிற டிசம்பர் 26 நினைவுத் திருப்பலி முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று அன்பியத்து (எங்கள் கோவிலின் தெருக்குழு) பையன்கள் வந்து கேட்டார்கள். "சுனாமி மீட்புப் பணி செய்த ராணுவ வீரர்" என்று நோட்டீஸே அடித்துவிட்டார்கள். (ராணுவம் இல்லை, கடற்படை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.) சிக்கல் என்னவென்றால், நான் மீட்புப் பணிக்குப் போனது இலங்கைக்கு. ஊரில் கடல் ஏறி வந்த அன்றைக்கு நான் இங்கே இல்லை.

2004-ல் கொச்சியில் ஒரு கப்பலில் லீடிங் சீமேன் என்ற மாலுமிப் பதவியில் இருந்தேன். கிறிஸ்துமஸ் லீவு கேட்டும் முறை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது எங்களுக்குத் தெரியாது. மத்தியானம் டிவியில் மெரினா, நாகப்பட்டினம் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரே ஒரு தடவை "குளச்சல்" என்று கீழே எழுத்து ஓடியது. வீட்டில் போன் கிடையாது. தெருமுனைக் கடை நம்பருக்கு அடித்தால் மணியே போகவில்லை. அதற்குள் சரக்கு ஏற்ற உத்தரவு வந்துவிட்டது: குடிநீர், அரிசி, மருந்து, கூடாரம். எல்லாம் இலங்கையில் காலி (Galle) என்ற ஊரின் துறைமுகத்துக்கு. தமிழ்நாட்டுக் கரைக்கு ஆபரேஷன் மதத், அந்தமானுக்கு ஸீ வேவ்ஸ், மாலத்தீவுக்கு கேஸ்டர், இலங்கைக்கு ரெயின்போ என்று பெயர் வைத்திருந்ததெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

கொச்சியிலிருந்து காலிக்குப் போகிற கப்பல் குமரிமுனையைச் சுற்றித்தான் போக வேண்டும். நடுராத்திரி வாட்ச், அதாவது காவல் முறை, எனக்கு. விழிஞ்ஞம் தாண்டி எங்கள் ஊருக்கு நேரே வந்தபோது மணி இரண்டு இருக்கும். அப்பாவோடு வள்ளத்தில் வந்து வலை விட்ட தண்ணீர் அது. கரைப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பல் வேகம் குறையவில்லை. குறைக்கவும் மாட்டார்கள், அது எனக்குத் தெரியும்.

காலியில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தபோது தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் பெரியவர், "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். கன்னியாகுமரி என்றேன். அவர் வீட்டில் மூன்று பேரைக் காணவில்லை. அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட வீட்டில எல்லாரும் சுகமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஜனவரி இரண்டாவது வாரம்தான் ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா பள்ளிக்கூட முகாமில் இருந்தாள். அத்தை இல்லை. அலைக்குத் தப்பி ஓடியவள் கரையை ஒட்டிப் போகிற ஏ.வி.எம். கால்வாயில் விழுந்துவிட்டாள். எங்கள் ஊரில் பலர் போனது அப்படித்தான். தூக்கியது, குழி தோண்டியது, அடக்கம் செய்தது எல்லாம் மற்றவர்கள். நான் வந்தது பிளீச்சிங் பவுடர் நாற்றத்துக்கு.

அந்தக் கல்லறை முன்னால் நின்று, காலியில் தண்ணீர் கொடுத்த கதையை நான் சொல்லலாமா? பதக்கம் குத்திக்கொண்டு வரவும் சொல்கிறார்கள்.

சுபேதார்_மார்த்தாண்டம்:

தம்பி, முதலில் பதக்க விஷயம். சீருடை வேண்டாம். சாதாரண உடையில் இடது மார்பில் பதக்கம் குத்திக்கொள்ளலாம், கோட்டு இருந்தால் எடுப்பாக இருக்கும். நம்ம ஊர் வெயிலில் கோட்டு போடுவது உங்கள் பாடு. பேசுவதற்கு என்ன தயக்கம்? உத்தரவு வந்த இடத்துக்குப் போவதுதான் நம் தொழில். நான் காஷ்மீரில் இருந்தபோது என் அப்பா இறந்தார், அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குத் தந்தி வந்தது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி மட்டும் பேசாதீர்கள்.

குளச்சல்காரி:

அண்ணே, சுபேதார் சார் சொல்வது பட்டாளத்துக்குச் சரி, கடற்கரைக்குச் சரிவராது. அன்றைக்கு எனக்குப் பதினொரு வயது. மீட்புப் பணி பற்றி வருஷா வருஷம் யாராவது வந்து பேசுகிறார்கள். நாங்கள் காற்றில் அணைகிற மெழுகுதிரியைத் திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருப்போம், பாதி காதில் விழாது. ஆனால் கப்பல் நம்ம ஊரைத் தாண்டிப் போன கதையை ஒருத்தரும் சொன்னதில்லை. அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் சீருடை என்றாலே இங்கே ஒரு கசப்பு உண்டு. ஆழ்கடலில் கிடந்தவர்களைத் தேடச் சொல்லித்தான் அன்றைக்குக் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். என் சித்தப்பாவும் போனார். "அப்பவே எங்களத் தாண்டித்தானே போனீங்க" என்று யாராவது எழுந்து கேட்டாலும் கேட்பார்கள். கோபப்படாமல் நில்லுங்கள்.

தக்கலை_பையன்:

காலி என்றால் கிரிக்கெட் மைதானம் இருக்கிற ஊர்தானே அண்ணே?

கடலோடி_கொட்டில்பாடு:

அதே ஊர்தான். கோட்டைக்குப் பக்கத்தில் அந்த மைதானம். அதுவும் நாசமாகிக் கிடந்தது.

சுபேதார் சார், நன்றி. பதக்கம் பெட்டியிலேயே இருக்கட்டும். தங்கச்சி சொன்ன அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலிப் பெரியவர் கதை அவளுக்கும் இதுவரை தெரியாது. சாளை மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "பேசுனா பேசு. மொதல்ல அத்த பேரச் சொல்லிட்டுப் பேசு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மனுசன் வீட்டுல மூணு பேரும் கெடச்சாவளான்னு கேட்டியாலே?" என்றாள்.

நான் கேட்கவே இல்லை.