கலிஃபோர்னியாவுக்குப் புதிதாகப் போனவர்களுக்கு: பள்ளி வாரியக் கூட்டமும் பிள்ளையின் பெயரும்

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர்ப் பக்கமிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகிறவர்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த கையோடு என்னிடம் கேட்பது பெரும்பாலும் பஸ்ஸையும் தடுப்பூசிச் சான்றையும் பற்றித்தான். அங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டுப் பெரம்பூருக்கே திரும்பியவன் என்ற முறையில், பள்ளி வாரியக் கூட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள் என்று வற்புறுத்துகிறேன். பள்ளி வாரியம் என்பது அந்தப் பகுதியின் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் குழு. எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்பதும், ஒரு பள்ளியை மூடுவதா வேண்டாமா என்பதும் அங்கேதான் முடிவாகின்றன.

நம் மாநகராட்சிப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றால், வகுப்பாசிரியரே வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புவார், அல்லது பிள்ளையிடம் சீட்டுக் கொடுத்தனுப்புவார். அங்கே வாரியக் கூட்டத்துக்கு அப்படி யாரும் வீடு தேடி அழைப்பு அனுப்ப வேண்டியதில்லை. நிகழ்ச்சி நிரல்தான் அழைப்பு. உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 1953இல் வந்த ப்ரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாகவும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பாகவும், நிரலைப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்டி, இணையதளத்திலும் வெளியிட்டாக வேண்டும். சனி, ஞாயிறும் அந்த 72 மணி நேரத்தில் சேரும் என்பதால், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் நிரலை வார இறுதியிலேயே தேடிப் படித்துவிடுங்கள். நிரலில் இல்லாத பொருளின் மீது, சில விதிவிலக்குகள் தவிர, வாரியம் முடிவெடுக்க முடியாது. ‘கன்சென்ட் காலண்டர்’ என்ற தலைப்பின் கீழ் வருபவை தனித்தனி விவாதமின்றி ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். ஆகவே அந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. பேச விரும்புவோர் நிரப்பும் சீட்டில் பெயர், முகவரிக்கு இடம் இருந்தாலும், அவற்றைத் தந்தால்தான் உள்ளே விடுவோம் என்று நிபந்தனை போடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பாட்டியோ தாத்தாவோ மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பேசலாம். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத இடத்தில், மற்றவர்களுக்கு 3 நிமிடம் என்றால் அவர்களுக்குக் குறைந்தது 6 நிமிடம் தர வேண்டும். இதைப் பலர் அறியாமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பேசும்போது மட்டும் உங்கள் பிள்ளையின் பெயரையோ வேறொருவர் பிள்ளையின் பெயரையோ சொல்லாதீர்கள். அது பொதுக் கூட்டம். யார் வேண்டுமானாலும் அதை ஒளிப்பதிவு செய்யலாம். கூட்டக் குறிப்பில் பிள்ளையின் பெயரோ உங்கள் சொந்த விவரமோ இடம்பெற வேண்டாம் என்றால், வாரியச் செயலருக்கு எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலக் கல்விச் சட்டத்தின்படி அவர்கள் அதை விலக்கியாக வேண்டும். வாயால் சொன்னது போதாது. மாணவரை இடைநீக்கம் செய்வது போன்ற ஒழுங்கு நடவடிக்கைகளைப் பொதுவாக மூடிய அமர்வில்தான் பேசுவார்கள்.

கல்வியாண்டுத் தொடக்கத்தில் வரும் காகிதக் கட்டில் ‘டைரக்டரி விவரங்கள்’ பற்றிய அறிவிப்பு இருக்கும். பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றை வெளியாருக்குத் தருவதை மறுக்க, மாணவர் பதிவேடுகளைப் பாதுகாக்க 1974இல் வந்த ஃபெர்பா என்ற அமெரிக்க மத்தியச் சட்டம் பெற்றோருக்கு உரிமை தருகிறது. குறிப்பிட்ட கெடுவுக்குள் மறுக்காவிட்டால் பள்ளி அவற்றைத் தரலாம். பிள்ளையின் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டால், மத்தியச் சட்டத்தின் 45 நாள் வரம்பு வரை காத்திருக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் 5 வேலைநாளுக்குள் காட்ட வேண்டும். பிள்ளைக்கு 18 வயதானதும் இந்த உரிமைகள் பிள்ளைக்கே மாறிவிடும்.

டெக்சாஸுக்கோ நியூ ஜெர்சிக்கோ போனவர்கள் இந்த மணிக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்ட அறிவிப்புக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு.

செல்போன் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. பொதுக் கூட்டத்தைப் பதிவுசெய்யும் உரிமை, தலைமையாசிரியர் அறையில் நடக்கும் தனி உரையாடலுக்குப் பொருந்தாது. அங்கே உள்ள எல்லோரும் சம்மதிக்காமல் இரகசியமாகப் பதிவுசெய்வது குற்றமாகலாம். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கான ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) கூட்டத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்துவிட்டு நீங்கள் ஒலிப்பதிவு செய்யலாம். பள்ளித் தரப்பே பதிவுசெய்யப் போவதாகத் தெரிவித்து, அதற்கு நீங்கள் ஆட்சேபித்தால், அந்தக் கூட்டத்தை அவர்கள் பதிவுசெய்யக் கூடாது.