அப்டேட்: கப்ளரோட டைரக்டிவிட்டி ஏறிடுச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 20 டிபி மைக்ரோஸ்ட்ரிப் கப்ளர் (போர்டுல பக்கத்து பக்கத்துல ஓடற ரெண்டு காப்பர் லைன், ஒண்ணுல போற சிக்னல்ல கொஞ்சத்தை இன்னொண்ணு எடுக்கும்), கப்ளிங், அதாவது எடுக்கற அளவு, கரெக்டா வருது ஆனா டைரக்டிவிட்டி (முன்னாடி போற சிக்னலையும் திரும்பி வர்றதையும் எவ்ளோ நல்லா பிரிக்குதுங்கறது) 7 டிபிலயே நிக்குதுன்னு. இப்போ 20ஐ தாண்டிடுச்சு, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

காரணம் உங்கள்ல சிலர் சொன்னதேதான். ஆட் மோட்ல (ரெண்டு லைன்லயும் எதிரெதிர் வோல்டேஜ்) ஃபீல்டு ரெண்டு லைனுக்கும் நடுவுல காத்துல நிறைய இருக்கு, அதனால அது ஈவன் மோடை (ரெண்டுலயும் ஒரே வோல்டேஜ்) விட வேகமா போயிடுது, ஐசொலேட்டட் போர்ட்ல (சிக்னல் வரவே கூடாத முனை) ரெண்டும் முழுசா கேன்சல் ஆகாது. ஈவன், ஆட் மோட் இம்பீடன்ஸை 55.3, 45.2 ஓம்னு எவ்ளோ கச்சிதமா வச்சாலும் இது போகாதுங்க.

பண்ணது என்னன்னா கப்புள்டு லைனோட ரெண்டு முனையிலயும் லைனுக்கு லைன் ஒரு குட்டி கெபாசிட்டர். ஈவன் மோட்ல ரெண்டு லைன்லயும் ஒரே வோல்டேஜ், அதனால அதுக்கு ஒண்ணுமே ஆகாது, ஆட் மோட் மட்டும் கொஞ்சம் லேட் ஆகும், அதான் வேணும். 0.1 பிகோஃபாரடுக்கும் கம்மியா தேவைப்பட்டுச்சு, அதை சால்டர் பண்றதுக்கு பதிலா காப்பர்லயே சீப்பு பல்லு மாதிரி கோத்து வரைஞ்சுட்டேன். இடைவெளியை வளைச்சு நெளிச்சு போடற விக்ளி லைனும் நல்ல வழிதான்.

அப்புறம் டெர்மினேஷனை (ஐசொலேட்டட் போர்ட்ல மாட்டற லோடு) செக் பண்ணுங்க ப்ளீஸ், இதை யாரும் பெருசா கண்டுக்கறதில்ல. அதோட ரிட்டர்ன் லாஸ் (அதுல பட்டு திரும்பற சிக்னல் எவ்ளோ கம்மிங்கறது) 20 டிபின்னா டைரக்டிவிட்டியும் சுமாரா அங்கயே முட்டி நின்னுடும்.