ஸ்விஃப்ட்டுக்கு ஸ்டீரியோ மாத்தணும்: 35,000 ரூபாயை எதுல போடுறது?

நெல்லைவாசி

வணக்கம். வண்டி 2015 ஸ்விஃப்ட் பெட்ரோல், இசட்.எக்ஸ்.ஐ. கம்பெனி ஸ்டீரியோ, கதவு ஸ்பீக்கர் எல்லாம் வந்தபடியே இருக்கு. ஸ்டியரிங்ல வால்யூம் பட்டன் உண்டு. குடும்பத்தோட போற வண்டிங்கறதால டிக்கியில லக்கேஜ் இடம் குறையக்கூடாது. கேக்கறது பெரும்பாலும் ராஜா, ரஹ்மான். கண்ணாடி அதிரணும்னு ஆசை இல்லை; பைபாஸ்ல 100ல போகும்போதும் பாட்டு வரி தெளிவா விழணும், அவ்வளவுதான்.

கடையில போட்டுக் கொடுத்த லிஸ்ட்: 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன், பின் ட்ரேல ஒரு ஜோடி 6×9 ஓவல், டிக்கியில 12 இஞ்ச் பேஸ் டியூப் (அடித்தொனிக்கான உருளை ஸ்பீக்கர்), அதுக்கு "4000 வாட்ஸ்" ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ரிவர்ஸ் கேமரா. முன் கதவு ஸ்பீக்கர் அப்படியே இருக்கட்டும்னு சொல்றாங்க. இது சரியா? ஆம்ப் கட்டாயமா? ஒரிஜினல் வயரை வெட்டாம மாட்ட முடியுமா?

ஒலிப்பெட்டி

லிஸ்ட்டை அப்படியே தலைகீழாக் கவுத்துடுங்க. அவங்க தொட வேண்டாம்னு சொன்ன முன் கதவுதான் உங்க காசு முதல்ல போக வேண்டிய இடம். பாடறவங்க குரல் டாஷ்போர்டு பக்கமிருந்து வரணும், முதுகுக்குப் பின்னாடி இருந்து இல்லை. ட்ரேல வைக்கிற ஓவல் டிக்கிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இடைஞ்சல். வெல்க்ரோ மட்டும் போட்டு வெச்சிருந்தா, சடன் பிரேக்ல பின் சீட்டுல இருக்கறவங்க தலைக்கு ஆபத்து.

வாட்ஸ் கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான ஸ்டீரியோ அட்டைப்பெட்டியில "50 வாட்ஸ் × 4"னு இருக்கும். இன்ஜின் ஓடும்போது வண்டியில கிடைக்கிறது 14.4 வோல்ட். 14.4ஐ 1.414ஆல வகுத்தா 10.2. அதை வர்க்கம் பண்ணி ஸ்பீக்கரோட 4 ஓமால வகுத்தா 26 வாட்ஸ். ஸ்டீரியோவுக்குள்ள இருக்கிற ஆம்ப் சிப் கணக்குப்படியே இதைத் தாண்டாது. ஒலி உடையாம கிடைக்கிறது சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 15 முதல் 20 வாட்ஸ். சிட்டிக்குள்ள அது தாராளம். நீங்க சொல்ற 100 கிலோமீட்டர் வேகத்துல டயர் சத்தத்தையும் காத்துச் சத்தத்தையும் மீறிக் குரல் கேக்கணும்னா சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (விடாம தொடர்ந்து கிடைக்கிற நிஜ சக்தி) தர்ற ஒரு சின்ன 4 சேனல் ஆம்ப் வேணும். "4000 வாட்ஸ்" ஆம்ப்போட முதுகைத் திருப்பி அதுல செருகியிருக்கிற ஃப்யூஸைப் பாருங்க. 30 ஆம்பியர்னா 30 × 14.4 = 432 வாட்ஸ்தான் உள்ளயே போகுது. வெளிய எப்படி 4000 வரும்?

என் கணக்கு இப்படி: ஸ்டீரியோ, ஃபிரேம், கப்ளர் (வயர் சேர்க்கிற பிளக்) சேர்த்து 12,000. முன் கதவுக்கு 6.5 இஞ்ச் காம்பொனன்ட் செட் (பெரிய ஸ்பீக்கரும், உச்சஸ்தாயிக்கான சின்ன ட்வீட்டரும் தனித்தனியா வர்றது) 8,000. ஆம்ப் 8,000. கதவு டாம்பிங் ஷீட் (தகர அதிர்வை அடக்கறது), ஸ்பேசர் (ஸ்பீக்கருக்கு அடியில வைக்கிற வளையம்) 3,000. வயர், ஃப்யூஸ் 2,000. கூலி 2,000. பின் கதவு ஸ்பீக்கர் இருக்கிறதே போதும். ஸ்டீரியோவோட சொந்த சக்தியிலயே ஓடட்டும், ஃபேடரை (முன்-பின் சத்தப் பங்கீடு) முன்பக்கம் தள்ளி வெச்சுக்கோங்க. கேமரா அப்புறம் போட்டுக்கலாம், ஆனா டாஷ் பிரிக்கும்போதே அதோட கேபிளை டிக்கி வரைக்கும் இழுத்து விட்டுடுங்க. திரும்பப் பிரிக்கிற கூலி மிச்சம்.

ஸ்கிரீன் விஷயத்துல ஒரு குழப்பம் இருக்கு. "ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ" வேற, "ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கிற ஸ்டீரியோ" வேற. முதல் வகை ஒரு டேப்லெட் மாதிரி. ராம் கம்மியா இருந்தா ரெண்டு வருஷத்துல மேப்பைத் திறக்கவே திணறும். ரெண்டாவது வகை வெறும் திரை, வேலையெல்லாம் உங்க போன் பார்த்துக்கும், சாவி திருப்பின கொஞ்ச நேரத்துல தயார். ஒலிதான் முக்கியம்னா என் ஓட்டு ரெண்டாவதுக்கு. எதை எடுத்தாலும் பின்பக்கம் ஆர்.சி.ஏ. பிரீ-அவுட் (ஆம்ப்புக்குப் பாட்டு சிக்னல் போற சாக்கெட்) இருக்கா, எத்தனை வோல்ட்னு பாருங்க. 2 வோல்ட் பரவாயில்லை, 4 இருந்தா நல்லது. செட்டிங்ஸ்ல ஹை பாஸ் ஃபில்டர் (ஆழமான பேஸைத் தடுத்து மேல உள்ளதை மட்டும் விடறது) இருக்கணும்.

சென்னைப் பக்கம் வந்தா ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல ரெண்டு மூணு கடையில விலை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பில்லுல மாடல் நம்பர் எழுதச் சொல்லுங்க, "6.5 ஸ்பீக்கர் 1 செட்"னு மட்டும் எழுதின பில் வாரன்டிக்கு உதவாது.

கரூர் வயர்மேன்

மேல சொன்னதுல எனக்கு மறுப்பு இல்லை. வயர் விஷயத்துக்கு வர்றேன்.

ஒரிஜினல் கப்ளரை வெட்டவே வேண்டாம். ஸ்விஃப்ட்டுக்குன்னே பிளக் கப்ளர் கிடைக்குது. ஒரு முனை வண்டியோட கப்ளர்ல உட்காரும், இன்னொரு முனை ஸ்டீரியோ வயரோட சேரும். கலர் பெரும்பாலும் இதுதான்: மஞ்சள் எப்பவும் 12 வோல்ட். சிவப்பு சாவி போட்டா வர்ற 12 வோல்ட். கருப்பு எர்த். நீலத்துல வெள்ளைக் கோடு ஆம்ப்பை ஆன் பண்றது. ஆரஞ்சு ஹெட்லைட் போட்டா திரை வெளிச்சம் குறையறதுக்கு. வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்துல கருப்புக் கோடு இருந்தா அது மைனஸ். ஆனா இது ஸ்டீரியோ பக்கத்துக் கலர். வண்டிப் பக்கத்துக் கலர் வேற மாதிரி இருக்கும், அங்க மல்டிமீட்டர் வெச்சுப் பார்க்காம எதையும் சேர்க்கக் கூடாது.

அதிகமா நடக்கிற தப்பு மஞ்சள், சிவப்புலதான். ரெண்டையும் சேர்த்து சாவி லைன்ல முறுக்கி விட்டா, வண்டியை நிறுத்தின ஒவ்வொரு தடவையும் டைமும் செட்டிங்ஸும் அழிஞ்சிடும். ரெண்டையும் நேரடி லைன்ல முறுக்கினா ஸ்டீரியோ தூங்கவே தூங்காது. அப்படி 300 மில்லிஆம்பியர் இழுத்துக்கிட்டே இருந்தா ஒரு நாளைக்கு 7.2 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி). உங்க வண்டி 35 ஏ.ஹெச். பேட்டரி, மூணு நாள் நிறுத்தி வெச்சா செல்ஃப் எடுக்கறது சந்தேகம். வேலை முடிஞ்சதும் பேட்டரி மைனஸ்ல மீட்டரைத் தொடர் இணைப்பா வெச்சு, கதவைப் பூட்டி அரை மணி கழிச்சுப் பாருங்க. 50 மில்லிஆம்பியருக்குக் கீழ இருக்கணும்.

ஸ்பீக்கர் மைனஸை எக்காரணம் கொண்டும் பாடி எர்த்ல தொடக் கூடாது. பழைய டேப் காலத்துப் பழக்கத்துல சிலர் நாலு மைனஸையும் ஒண்ணாக் கட்டி பாடியில கொடுத்துடறாங்க. இப்போ வர்ற ஸ்டீரியோவுல பிளஸ், மைனஸ் ரெண்டு வயரிலயும் ஆம்ப் சிப்போட வெளியீடு இருக்கு. ஒண்ணு எர்த் ஆனா சிப் போயிடும்.

ஆம்ப் பவர் வயர்: 4 × 50 = 200 வாட்ஸ். கிளாஸ் டி வகை ஆம்ப்னா சுமார் 80 சதவீதம் திறன், அதனால 250 வாட்ஸ் இழுக்கும். 13.8 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். கிளாஸ் ஏபி வகைன்னா திறன் கம்மி, 26 ஆம்பியர் வரைக்கும் போகும். 8 கேஜ் போதும். எலக்ட்ரிக் கடையில கேட்டா 10 ஸ்கொயர் எம்.எம். முழுச் செம்பு வயர் கேளுங்க. ஆம்ப் கிட்னு மலிவா வர்றதுல பாதி, அலுமினியத்து மேல செம்பு பூசினது. நுனியை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையாத் தெரியும். அது வேண்டாம்.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். அது ஆம்ப்பைக் காப்பாத்தறதுக்கு இல்லை. வயர் எங்கயாவது தகரத்துல உரசி ஷார்ட் ஆனா வண்டி தீப்பிடிக்காம இருக்கறதுக்கு. ஆம்ப் பக்கத்துல ஃப்யூஸ் போட்டா அங்கேயிருந்து பேட்டரி வரைக்கும் உள்ள வயருக்குக் காவல் இல்லை. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுத்தகடு) ஓட்டையில ரப்பர் குரோமெட் (ஓட்டை ஓரத்துக்கான வளையம்) இல்லாம வயர் விடாதீங்க. பவர் வயர் ஒரு பக்க ஓரம், ஆர்.சி.ஏ. கேபிள் எதிர்ப்பக்க ஓரம். எர்த் வயரும் அதே தடிமன், அரை மீட்டருக்குள்ள. பாடியில பெயின்ட்டை உப்புத்தாளால பளபளன்னு தேய்ச்சுட்டு லக் (வயர் நுனியில வர்ற உலோக வளையம்) வெச்சு போல்ட்டு, மேல கொஞ்சம் கிரீஸ். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீங்க.

டாஷ் பிரிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டி ஒரு பத்து நிமிஷம் விடுங்க. உள்ள மஞ்சள் நிறக் கப்ளர் தென்பட்டா அது ஏர்பேக், டெஸ்டர் பல்பு கூட அதுல வைக்கக் கூடாது. ஸ்டியரிங் பட்டன் பத்திக் கவலை வேண்டாம். ஒவ்வொரு பட்டனும் ஒரு ரெசிஸ்டன்ஸ் மதிப்பு, அவ்வளவுதான். ஸ்டீரியோவோட கீ 1, கீ 2 வயர்ல சேர்த்துட்டு மெனுல ஒவ்வொரு பட்டனா அமுக்கிக் கத்துக்கொடுக்கணும்.

ஒலிப்பெட்டி

கதவு வேலையைச் சொல்ல விட்டுட்டேன், அதுதான் பாதி சத்தம். வெறும் தகரத்துல 8,000 ரூபாய் ஸ்பீக்கரை மாட்டினா அது தகர டப்பாவுக்குள்ள பாடற மாதிரிதான் இருக்கும். கோன் முன்னாடி தள்ற காத்தும் பின்னாடி இழுக்கற காத்தும் கதவோட உள் தகட்டுல இருக்கிற பெரிய ஓட்டை வழியா ஒண்ணோட ஒண்ணு கலந்து பேஸைத் தின்னுடும். அந்த ஓட்டைகளை மூடணும். வெளித்தகட்டோட உள்பக்கம் முழுக்க ஒட்ட வேண்டியதில்லை, நடுவுல மூணுல ஒரு பங்கு போதும். பியூட்டைல் ஷீட் 2 மில்லிமீட்டர் வாங்குங்க. தார் ஷீட் விலை கம்மிதான், ஆனா சித்திரை வெயில்ல வண்டியை நிறுத்தினா உருகி வழியும், நாத்தம் வேற. ஒட்டற இடத்தைத் தின்னரால துடைச்சு, ரோலரால அழுத்தி உருட்டணும். கதவு அடியில மழைத் தண்ணி வடியற ஓட்டைகள் இருக்கும், அதுல மட்டும் ஷீட் ஏறக் கூடாது. ஏறினா ரெண்டு மழைக்காலத்துல கதவு துருப்பிடிக்கும்.

ஸ்பேசர் பிளாஸ்டிக்ல வாங்குங்க. எம்.டி.எஃப். பலகைன்னா எல்லாப் பக்கமும் பெயின்ட் அடிச்சாத்தான் ஊறாம இருக்கும். மாட்டறதுக்கு முன்னாடி கண்ணாடியை முழுசாக் கீழ இறக்கி, ஸ்பீக்கர் காந்தம் அதுல இடிக்குதான்னு பாருங்க. கம்பெனி ட்வீட்டரைக் கழட்டிட்டு அதே இடத்துல புதுசை வெச்சா ஏ-பில்லரை (முன் கண்ணாடி ஓரத் தூண்) துளைக்க வேண்டியதில்லை. பழசையும் விட்டுட்டு அதே லைன்ல புதுசையும் சேர்த்தா ஓம் குறைஞ்சு, உச்சஸ்தாயி காதைக் குத்தும்.

நெல்லைவாசி

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணா. நீங்க சொன்னபடியே எல்லாம் வாங்கி உள்ளூர்ல மாட்டியாச்சு. ஆம்ப் முன் சீட்டுக்கு அடியில இருக்கு. குரல் அருமையா இருக்கு. ஆனா ரெண்டு பிரச்சினை. ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல 'ஙொய்ய்'னு ஒரு சத்தம், ஆர்.பி.எம். ஏற ஏற அதுவும் ஏறுது. அப்புறம், பேலன்ஸை முழுசா இடது பக்கம் வெச்சா பேஸ் நல்லா இருக்கு, வலது பக்கம் வெச்சாலும் நல்லா இருக்கு. நடுவுல வெச்சா மட்டும் பேஸே இல்லை.

கரூர் வயர்மேன்

ரெண்டாவது சுலபம் தம்பி. ஒரு பக்க ஸ்பீக்கர்ல பிளஸ், மைனஸ் மாறியிருக்கு. ஒண்ணு முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது, பேஸ் அடிபட்டுப் போகுது. ஆம்ப்ல ஸ்பீக்கர் வயரைக் கழட்டி 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. பிளஸ்ல பிளஸ் பட்டா கோன் வெளிய வரணும். ரெண்டு கதவுலயும் பார்த்துட்டு, எது உள்ள போகுதோ அதைத் திருப்பிப் போடுங்க.

முதல் பிரச்சினை ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தர்றது) சத்தம். அதுக்கு வரிசையாப் பாருங்க. இன்ஜினை ஓடவிட்டு ஆம்ப்லேருந்து ஆர்.சி.ஏ.வை உருவுங்க. சத்தம் தொடர்ந்தா ஆம்ப்போட எர்த்தோ கெயினோதான் (வர்ற சிக்னலை எவ்வளவு பெருக்கணும்னு வைக்கிற திருகு) காரணம். நின்னுட்டா கேபிள் அல்லது ஸ்டீரியோ பக்கம். அங்க, ஸ்டீரியோவோட கருப்பு வயரை டாஷுக்குப் பின்னாடி எங்க சேர்த்திருக்காங்கன்னு பாருங்க. ஏதாவது ஸ்குரூவுல சும்மா மாட்டியிருந்தா, தற்காலிகமா ஒரு நீள வயரை ஆம்ப் எர்த் போல்ட்டுலேருந்து ஸ்டீரியோ உடம்புல தொட்டுப் பாருங்க. சத்தம் போனா ஸ்டீரியோ எர்த்தை நிரந்தரமா அங்கேயே கொண்டு வந்துடுங்க. ஆர்.சி.ஏ. கேபிள் பவர் வயரோட ஒரே சுருள்ல போகுதான்னும் பாருங்க. "கிரவுண்ட் லூப் ஃபில்டர்"னு கடையில ஒண்ணு கொடுப்பாங்க, அதை கடைசியில யோசிக்கலாம். மலிவான ஃபில்டர் பேஸையும் சேர்த்து வடிகட்டிடும்.

ஒலிப்பெட்டி

கெயினையும் ஒரு தடவை அளந்துடுங்க. கடைக்காரங்க அதை வால்யூம் குமிழ்னு நினைச்சு முக்காவாசி திருகி விட்டிருப்பாங்க. எர்த்ல இருக்கிற சின்ன இரைச்சலைக் கூட அது பெரிசாக்கிக் காட்டும்.

ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப்லேருந்து கழட்டுங்க. ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம், ஃபில்டரை அணைச்சிடுங்க. கெயின் முழுசாக் குறைவு. 0 டெசிபல்ல பதிவான 100 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓடவிட்டு ஸ்டீரியோ வால்யூமை 40க்கு 30ல வையுங்க. 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், சாதா மல்டிமீட்டர் நிறைய, 400 ஹெர்ட்ஸைத் தாண்டினா ஏசி வோல்ட்டைச் சரியாக் காட்டாது. 50 வாட்ஸ், 4 ஓம்: 50 × 4 = 200, வர்க்கமூலம் 14.1. ஆம்ப் ஸ்பீக்கர் டெர்மினல்ல ஏசி 14.1 வோல்ட் வர்ற வரைக்கும் மெதுவாத் திருகி நிறுத்துங்க. டோனை அணைச்சுட்டு ஸ்பீக்கரை மாட்டி, ஹை பாஸை 80 ஹெர்ட்ஸ்ல வையுங்க. 30க்கு மேல வால்யூம் ஏத்தாதீங்க, வீட்டுல மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க.

ஆம்ப்ல இன்னும் ரெண்டு சேனல் சும்மா இருக்கு. அப்புறமா பேஸ் வேணும்னு தோணினா அதை பிரிட்ஜ் பண்ணி (ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து) ஒரு 8 இஞ்ச் சப் (பேஸுக்கான ஸ்பீக்கர்) ஓட்டலாம், ஆம்ப் பிரிட்ஜ்ல 4 ஓம் தாங்கும்னு அதோட புக்குல போட்டிருந்தா மட்டும். பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி இன்னொரு சீட்டுக்கு அடியில ரெயிலுக்கு நடுவுல எவ்வளவு உயரம் இருக்குன்னு அளந்துக்கோங்க.

நெல்லைவாசி

வலது கதவுதான் திரும்பியிருந்தது, சரி பண்ணியாச்சு. ஆர்.சி.ஏ. உருவியும் சத்தம் நிக்கலை. ஆம்ப் எர்த் போல்ட்டைக் கழட்டினா லக்குக்கு அடியில பெயின்ட் அப்படியே இருக்கு. உப்புத்தாள் வாங்கப் போறேன்.