பத்தாவது முடிச்ச தம்பிக்கு ஐடிஐயா, டிப்ளமாவா, பிளஸ் ஒன்னா?

மேலூர்_அக்கா:
தம்பி பத்தாவது பாஸ். 500-க்கு 318, கணக்கில் 47, அறிவியலில் 61. ஒன்னாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. வீட்டில் மிக்சி, மோட்டார் எது நின்னாலும் பிரிச்சுப் போடுறவன். அப்பா பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்கச் சொல்றார், சித்தப்பா டிப்ளமா மெக்கானிக்கல்னு நிக்கிறார், இவன் ஐடிஐ ஃபிட்டர்தான்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். ஐடிஐ போனா படிப்பு அதோட நின்னுடும்னு அம்மாவுக்குப் பயம். ரயில்வே வேலைக்கு எது உதவும்?

அரம்_ராவி:
நிக்காதுங்க. ஃபிட்டர் 2 வருஷம். முடிச்சா பாலிடெக்னிக்கில் நேரா இரண்டாம் ஆண்டு சேரலாம். ஆக 4 வருஷத்தில் ஐடிஐ, டிப்ளமா ரெண்டும் கையில். அதுக்கு மேல பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் வழி இருக்கு. ஆனா வெல்டர் மாதிரி 1 வருஷ டிரேடு (தொழிற்பிரிவு) எடுத்தா இந்த வழி கிடையாது. சேரும்போது இதை விசாரிக்காம விட்டுடறாங்க.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. தமிழக அரசோட தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்க. தனியார்னா, அவன் சேர்ற டிரேடுக்கே என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. ஒரு டிரேடுக்கு இருந்து இன்னொன்னுக்கு இல்லாம இருக்கும்.

ஒன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடுங்க: ஆரம்பத்துல பெரிய மெஷின் கிடையாது, அரம்தான். இரும்புத் துண்டை வைஸில் (மேசையில் பொருத்தின பிடிகருவி) கடிக்க வச்சு நாள் முழுக்க ராவணும். ட்ரை ஸ்கொயரை (செங்கோணம் பார்க்கிற கருவி) வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா இடுக்குல ஒளி கசியக் கூடாது. தள்ளும்போது கை மேலயும் கீழயும் ஆடினா ஓரம் தேஞ்சு நடுவுல மேடு நிக்கும், மறுபடி ராவல். இதில் சலிச்சு நின்னுடற பசங்க உண்டு.

தேர்வு_வாசல்:
ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநருக்கு உதவியாளர்) வேலைக்குப் பத்தாவதோட ஐடிஐ ஃபிட்டர் போதும். மெக்கானிக்கல் டிப்ளமாவும் செல்லும். வெறும் பிளஸ் டூ செல்லாது. அதனால அப்பா சொல்ற குரூப் இந்த வேலைக்கு உதவாது.

ஆனா முதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கண்ணாடி இல்லாம ரெண்டு கண்ணும் 6/6 இருக்கணும், நிறம் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். லேசர் ஆபரேஷன் செஞ்சிருந்தாலும் எடுக்க மாட்டாங்க. பரீட்சையெல்லாம் தாண்டி மெடிக்கலில் திரும்பி வர்றது கொடுமை.

ஐடிஐ முடிச்சதும் பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) அறிவிப்புகளைப் பாருங்க. அங்க எழுத்துத் தேர்வு இல்லை, மார்க் வச்சுதான் எடுப்பாங்க. ஐடிஐ மார்க்கை விட்டுடக் கூடாது. அப்ரண்டிஸ்னா நிரந்தர வேலை இல்லை. ஆனா ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடிச்சவங்களுக்கு லெவல் 1 (அடிப்படை நிலை) பணியிடங்களில் 20% ஒதுக்கீடு இருக்கு.

சான்றிதழ்_சாமி:
அம்மா பயத்துக்கு ஒரு மருந்து: பத்தாவதுக்கு அப்புறம் 2 வருஷ ஐடிஐ முடிச்சவங்க பிளஸ் டூ தமிழ், ஆங்கிலம் ரெண்டு தாள் மட்டும் எழுதி பாஸ் பண்ணினா பிளஸ் டூவுக்குச் சமம். முடிச்ச கையோட எழுதிடணும், ஷிப்ட் வேலைக்குப் போனப்புறம் புத்தகம் எடுக்க மாட்டான்.

தமிழ் வழியில் படிச்சதுக்கான சான்றிதழைப் பள்ளியில் இப்பவே, டிசி வாங்கும்போதே வாங்கி வைங்க. மாநில அரசுப் பணியில் தமிழ் வழியில் படிச்சவங்களுக்கான 20% ஒதுக்கீடு கேட்க இதுதான் வேணும். பேரும் பிறந்த தேதியும் பத்தாவது மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரியே ஐடிஐ பதிவில் ஏறணும். இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்கிறதைக்கூட அன்னைக்கே பாருங்க.

பாலி_வாத்தியார்:
சித்தப்பா சொல்றதும் தப்பில்லை, 3 வருஷத்தில் டிப்ளமா முடிஞ்சிடும். ஆனா முதல் ஆண்டு பெரும்பாலும் கணக்கும் இயற்பியலும் வேதியியலும்தான். கணக்கில் 47 எடுத்தவன் அங்க அரியர் விழுந்தா கடைசி செமஸ்டர் வரைக்கும் தூக்கிச் சுமப்பான். ஐடிஐ வழியா போனா அந்த முதல் ஆண்டு இல்லை. இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்கு வேணும்கிற கணக்கை மட்டும் ஐடிஐ முடிச்ச லீவுல தனியா போட்டுப் பழகணும். டிரிக்னாமெட்ரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்க.

மேலூர்_அக்கா:
எல்லாருக்கும் நன்றிங்க. சனிக்கிழமை கண் டாக்டர். ஃபிட்டர் கிடைக்கலைன்னா அடுத்து எதைப் போடலாம்?

அரம்_ராவி:
எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட். மூணுமே 2 வருஷம்தான். மோட்டார் பிரிக்கிற கைன்னு சொன்னீங்களே, எலக்ட்ரீசியனை ரெண்டாவதா போடுங்க.