ஏ.சி. இல்லாத வீட்டில் இரண்டு மாதத்துக்கு 630 யூனிட்: எது இழுக்கிறது?

மதுரைவாசி:
வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு ஃபேன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, அரை ஹெச்.பி. தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர், அவ்வளவுதான். ஏ.சி. கிடையாது. கோடையிலும் 440 யூனிட்டை ஒட்டித்தான் வரும். இந்த முறை 630. பில் தொகை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. புதிதாக எதுவும் வாங்கவில்லை, விருந்தாளிகளும் வரவில்லை. மீட்டரில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றன. மாமியாருக்கு உடம்பு முடியாததால் அவர் அறையில் ஃபேனை நிறுத்த முடியாது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

வீட்டுக்கணக்கு:
யூனிட் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பில் மட்டும் ஏன் இவ்வளவு என்றால், 500ஐத் தாண்டியதுதான் காரணம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 ஆனால் 1958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அந்தக் கட்டணத்தில் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குப் பாதி விலை என்ற சலுகை 500க்குள் நிற்பவர்களுக்குத்தான். தாண்டிவிட்டால் அந்த நூறு யூனிட்டுக்கும் முழு விலை, 501 முதல் யூனிட் 8 ரூபாய், 601 முதல் 9. பிறகு கட்டணம் கூடியிருக்கிறது.

ரீடிங் எடுத்த தேதியையும் பாருங்கள். 60 நாளுக்குப் பதில் 70 நாள் கழித்து எடுத்திருந்தால் வழக்கமான செலவே 500ஐத் தாண்டிவிடும்.

மதுரைவாசி:
தேதி சரியாக இருக்கிறது, அறுபது நாள்தான்.

புதியவர்:
பிளக்கில் செருகும் பவர் சேவர் பெட்டி ஒன்று ஆன்லைனில் வருகிறதே, பாதி மிச்சமாகும் என்கிறார்கள். வாங்கிப் பார்க்கலாமே?

பழைய வயர்மேன்:
அதை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன கெபாசிட்டரும் ஒரு விளக்கும்தான். வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டும் கணக்கிடுகிறது, கெபாசிட்டர் போட்டால் அது குறையாது. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசை இதில் போடுகிறார்களே என்று மனது கேட்கவில்லை.

அம்மா, உங்கள் கணக்குக்கு வருகிறேன். 190 யூனிட் கூடியிருக்கிறது. அறுபது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். அதாவது இரவும் பகலும் ஏதோ ஒன்று 130 வாட் இழுத்துக்கொண்டே இருந்தால் போதும். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி என்று பெரிய வாட் உள்ளதைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவார்கள். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். நிற்காமல் ஓடுவதைத்தான் பிடிக்க வேண்டும்.

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று முகப்பில் அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் 3200, சிலவற்றில் வேறு எண். 3200 என்றால், இரண்டு மினுக்கலுக்கு இடையே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125ஐ அதால் வகுங்கள். வருவதுதான் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட்.

ஃபேன், லைட், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் சுவிட்சில் அணையுங்கள். ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிற்கும் என்பதால் அதன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இப்போதும் மினுக்கினால் எண்ணுங்கள். பிறகு எம்.சி.பி.களை, அதாவது மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக இறக்கினால் எந்த லைனில் போகிறது என்று தெரியும். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் மினுக்கினால் நீங்கள் கை வைக்க வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் வீட்டைத் தாங்கிக்கொள்ளும், மீண்டும் போட்டதும் இழந்ததைச் சார்ஜ் ஏற்றும். அதைக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. முந்தைய நாள் கரன்ட் போகாத ஒரு காலையில் சோதியுங்கள். மெயினைத் தொட வேண்டாம்.

மதுரைவாசி:
ஐயா, பார்த்துவிட்டேன். எல்லாம் அணைத்த பிறகும் ஏழு விநாடிக்கு ஒரு மினுக்கல். கணக்குப்படி 160 வாட்! இன்வெர்ட்டர் பிளக்கைக் கழற்றியதும் நின்றுவிட்டது. நேற்று முழுக்க கரன்ட் போகவில்லை. பேட்டரி வாங்கி நாலைந்து வருடம் இருக்கும்.

பழைய வயர்மேன்:
அதுதான். நல்ல பேட்டரி நிறைந்த பிறகு மிகக் கொஞ்சமாகத்தான் இழுக்கும். உள்ளே ஆறு செல் உண்டு. ஒன்று செத்துப்போனால் பேட்டரி நிறைந்ததற்கான வோல்டேஜை எட்டவே எட்டாது. இன்வெர்ட்டர் இன்னும் நிறையவில்லை என்று எண்ணித் தள்ளிக்கொண்டே இருக்கும். அத்தனையும் சூடாகத்தான் போகும். பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? டிஸ்டில்ட் வாட்டர் அடிக்கடி குறைகிறதா?

மதுரைவாசி:
ஆமாம், சூடாக இருக்கிறது. மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறோம். வெயிலால் என்று நினைத்திருந்தோம்.

பழைய வயர்மேன்:
அப்படியானால் மறுபடி செருகாதீர்கள். அந்த நிலையில் பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும். மூடிய அறையில் பூஜை விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் இருந்தால் ஆபத்து. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கடைக்காரரிடம் ஹைட்ரோமீட்டரால் (பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஒவ்வொரு செல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மதுரைவாசி:
கடைக்காரர் வந்து பார்த்தார். ஒரு செல் போய்விட்டது என்றார். பழையதைக் கொடுத்துவிட்டு வேறு போட்டோம். தினமும் காலையில் மீட்டர் எண்ணைக் குறித்துவருகிறேன். நாளைக்குப் பத்தரை யூனிட் ஓடியது இப்போது ஏழுக்கு வந்துவிட்டது. ரொம்ப நன்றி ஐயா. அப்புறம், பி.எல்.டி.சி. ஃபேன் என்று புதுவகை மோட்டாரோடு வருகிறதே, அதைப் போட்டால் இன்னும் குறையுமா, அல்லது அதுவும் வெறும் விளம்பரமா?

வீட்டுக்கணக்கு:
அது உண்மையிலேயே குறைக்கும். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட் அளவு. நாள் முழுக்க ஓடும் ஃபேன் என்றால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 65 யூனிட் மிச்சம். எப்போதாவது ஓடும் ஃபேனை மாற்றினால் போட்ட காசு திரும்ப வருடக்கணக்கில் ஆகும். அதனால் மாமியார் அறையில் மட்டும் முதலில் மாற்றுங்கள்.

பழைய வயர்மேன்:
மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். அதன் வழியாகக் கொடுத்தால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு சீக்கிரம் போய்விடும்.